போர்வையின் நாலாவது அடுக்கு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம், என் முழங்கால் மட்டும் படியைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது, மற்றபடி குறையில்லை. நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். குளிர் தாங்க முடியவில்லை என்று நீ போனில் சொன்ன அன்றே உன் அம்மா பீரோவைக் கவிழ்த்துவிட்டாள். உன்னோடு வேலை பார்க்கும் பெண் விடுமுறைக்கு வந்திருக்கிறாளே, அவள் திரும்பும்போது கொடுத்தனுப்ப ஒரு பஞ்சுப் போர்வை தைத்தே தீருவது என்று ஒற்றைக்காலில் நின்றாள். மேலே துண்டுத் துணிகள், நடுவில் பஞ்சு, அடியில் வெள்ளைத் துணி என்று மூன்று அடுக்கு. நான் பஸ் ஓட்டிய காலத்துக் காக்கிச் சட்டை, உன் பள்ளிக்கூடப் பாவாடை, சித்தி வேண்டாம் வேண்டாம் என்று கத்தக் கத்த அவளுடைய நீலச் சேலை, எல்லாம் கத்தரிக்கு இரையாயின. எதற்குப் பக்கத்தில் எது என்று தரையில் பரப்பி மாற்றி மாற்றி வைத்துப் பார்த்து, கடைசியில் என் காக்கியை மூலைக்குத் தள்ளிவிட்டாள். கண்ணை உறுத்துகிறதாம்.

அடுக்குகளைச் சேர்த்துத் தைக்க இடம் வேண்டுமே, வீட்டில் பெரிய கட்டில் உன்னுடையதுதான். நீ கிளம்பிய காலையில் விரித்துவிட்டுப் போன மஞ்சள் பூப்போட்ட விரிப்பை அம்மா இதுவரை யாரையும் எடுக்க விட்டதில்லை, நான் ஒருநாள் உட்கார்ந்ததற்கே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். நீ எப்போது திரும்பி வந்தாலும் அது அப்படியே இருக்க வேண்டுமாம். அதன்மேலேயே போர்வையைப் பரப்பினாள். நாள் நெருங்கிவிட்டதால் என் கையிலும் ஊசியைக் கொடுத்து, "அடியில ஒரு கைய வைங்க, ஊசி முனை விரல்ல பட்டதும் மேல திருப்புங்க" என்று பாடம் எடுத்தாள். நானோ ஆஸ்பத்திரியில் ஊசியைக் கண்டாலே கண்ணை மூடிக்கொள்ளும் ஆள். அவள் அடுப்படிக்குப் போன நேரமெல்லாம் அடியில் கை வைக்காமலே தைத்துத் தள்ளினேன். முடிந்தது என்று போர்வையைத் தூக்கினால் உன் விரிப்பும் கூடவே எழுந்து வருகிறது. அந்த நேரம் பார்த்து வந்த சித்தி, "கட்டில மட்டும் ஏன் விட்டீங்க, அதையும் சேத்துத் தச்சிருக்கலாமே" என்று சிரித்தாள். பிளேடால் பிரித்துவிடுகிறேன் என்றேன். அம்மா அந்த விரிப்பைத் தடவிப் பார்த்தாள், அழப்போகிறாள் என்றே நினைத்தேன். "பிரிக்க வேணாம், நாலு அடுக்கா இருந்தா அவளுக்கு இன்னும் கதகதப்பா இருக்கும், இங்க யாரு படுக்கிறா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து, தன் பக்கத்தையும் விரிப்போடு சேர்த்துப் பொடித் தையலாகத் தைத்து முடித்தாள். இப்போது உன் கட்டிலில் வெறும் மெத்தைதான். மத்தியானச் சாப்பாடு முடித்து அவளே அதில் காலை நீட்டித் தூங்கிக்கொண்டிருக்கிறாள், எனக்கு அதைப் பார்க்க மனசு நிறைந்திருக்கிறது.

போர்வையை முதல் தடவை தனியாக அலசு, காக்கி சாயம் விடும். கோணல் தையல் எல்லாம் என்னுடையது, இழுத்துப் பார்க்காதே. ஈரத் தலையோடு வெளியே போகாதே. நோய் நொடியில்லாமல், நினைத்ததெல்லாம் கைகூடி, சந்தோஷமாக இருக்க எங்கள் இருவரின் ஆசீர்வாதம். ஊருக்கு வரும்போது போர்வையை மறக்காமல் எடுத்து வா, அதுவரை உன் கட்டிலுக்கு வேறு விரிப்பு வாங்கக் கூடாது என்று அம்மாவின் உத்தரவு.

இப்படிக்கு,
மூலைக் காக்கித் துண்டுக்குச் சொந்தக்காரன்,
உன் அப்பா