ஏழாம் இடத்துச் செவ்வாய்

பிள்ளையார்பட்டி
12.9.1996

அன்புத் தம்பி சிவபிரகாஷுக்கு அக்கா கல்யாணசுந்தரி எழுதுவது. சிங்கப்பூரில் நீ சுகமாக இரு. இங்கே சுகம் என்று எழுதக் கை வரவில்லை. நம் தங்கச்சி சத்தியப்பிரியாவின் கல்யாணம் நின்றுவிட்டது.

பள்ளத்தூர் மாப்பிள்ளை வீட்டார் நிச்சயத்துக்கு முன்னால் நம் ஜாதகக் கடைக்கே வந்து, கையால் எழுதிய ஜாதகம் வேண்டாம், கம்ப்யூட்டரில் எடுங்கள் என்றார்கள். அன்றைக்குச் சதுர்த்திக் கூட்டம். வழக்கம்போல, முன்னால் வந்தவருக்குப் பிளாப்பியில் நகல் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிரியாவின் ஜாதகத்தையும் போட்டேன். ஆறாம் இடத்தில் இருக்கிற செவ்வாய் ஏழில் வந்து விழுந்தது. செவ்வாய் தோஷம் என்று கொட்டை எழுத்தில் அச்சானது. அவர்கள் வாங்கி வைத்த காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள்.

மதுரையிலிருந்து மெக்கானிக் நெல்சனை வரவழைத்தேன். நீ அனுப்பிய மெஷினைத் திறந்து உள்ளே மதர்போர்டைப் பார்த்ததுமே தலையில் அடித்துக்கொண்டார். விலையைக் குறைக்க, இந்த வகைப் போர்டில் எல்லா வேலையையும் ஒரே சிப்பில் திணித்திருக்கிறார்களாம். ஹார்ட் டிஸ்கும் பிளாப்பியும் சேர்ந்து ஓடினால் அங்கொன்றும் இங்கொன்றுமாக எண் மாறிவிடுமாம். மெஷின் நிற்காது, தப்பு என்றும் காட்டாது. அதுதானடா கொடுமை. போன மாதமே நீ எழுதியிருந்தாய், இந்தப் போர்டில் ஏதோ கோளாறு என்கிறார்கள், அவசரமில்லை, வரும்போது மாற்றித் தருகிறேன் என்று. அவசரமில்லையாம்!

நெல்சனையும் கூட்டிக்கொண்டு பள்ளத்தூர் போனேன். பிளாப்பியை ஓட்டாமல் புதிதாக எடுத்த ஜாதகத்தைக் காட்டினேன். மாப்பிள்ளையின் அப்பா, "மெசினுக்கு உங்க வீட்டு மேல என்ன கோவம்? கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுன்னு நீங்கதான கடை வாசல்ல எழுதி வச்சிருக்கீக" என்று கேட்டார்.

கடையைப் பூட்டிவிட்டேன். இன்னும் எத்தனை வீட்டுப் பெண்களுக்கு இப்படி அச்சடித்துக் கொடுத்தோமோ தெரியவில்லை.

பிரியா சரியாகச் சாப்பிடுவதில்லை. அந்தத் தாளைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறாள். கிழிக்கப் போனால் பிடுங்கிக்கொள்கிறாள். நெல்சன் சொன்னதை எடுத்துச் சொன்னால், "என்னையத் தேத்துறதுக்குச் சொல்றக்கா. அண்ணே அனுப்புன மெசின் தப்பாவா சொல்லும்?" என்கிறாள்.

புதுப் போர்டு எதுவும் அனுப்பாதே. மெஷின்தான் தப்பு, உனக்கு ஒரு தோஷமும் இல்லையம்மா என்று அவளுக்கு உடனே எழுது. உன் கைப்பட எழுது, தம்பி. கம்ப்யூட்டரில் அடித்து அனுப்பிவிடாதே.

கற்பக விநாயகர் உன்னைக் காக்கட்டும். அவளையும் காக்கட்டும்.

உன் அக்கா,
கல்யாணசுந்தரி