பாதிப் படியில்

அன்புள்ள ஒட்டடைக்குச்சிக்கு,

அக்கா எழுதுகிறேன். நான் நலம். பிழை இருந்தால் சிரிக்காதே. ஐந்தாவதோடு நானும் பள்ளிக்கூடமும் ஒருவரை ஒருவர் கைகழுவிவிட்டோம்.

வீட்டுக்கடனைப் போனிலேயே முடித்துவிட்டதாகச் சொன்னாய். சோபாவில் சாய்ந்தபடியே முடிந்ததாம், யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லையாம், கையெழுத்துதான் பாக்கியாம். ஒரு சட்டை வாங்க நாலு கடை ஏறி இறங்குகிறவன் நீ.

எனக்கும் உன் மாமாவுக்கும் வீட்டுக்கடன் ஏற்பாடு செய்து தந்தவரை நினைவிருக்கிறதா? நத்தை என்று நான் பெயர் வைத்தேனே, அவர்தான். "முதல்ல வாங்கப்போற வீட்டக் காட்டுங்க, வட்டியப் பத்தி அப்புறம் பேசலாம்" என்பார். நம்மை முன்னால் படியேறவிட்டுப் பின்னால் மெல்ல நகர்ந்து வருவார்.

அன்றைக்கு இந்த வீட்டைக் காட்டப் போனபோது மாமா பாதிப் படியில் நின்றார். விரிசல் பார்ப்பதுபோல் சுவரைத் தட்டினார். நத்தை சுவரைப் பார்க்கவில்லை. மாமாவின் முதுகையே பார்த்தார். கீழே வந்ததும், டாக்டரிடம் காட்டுங்கள், அவர் சொல்வதை மறைக்காமல் எழுதிக் கொடுத்துக் கடனுக்குக் காப்பீடு போடுங்கள், உங்களுக்கு ஒன்று ஆனாலும் வீடு போகாது என்றார். மாமாவுக்கு வந்ததே கோபம். "கடன் கேட்டா பாடை கட்டுறீங்களே" என்றார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

நத்தை டீயைக் குடித்துவிட்டுப் போனார். அடுத்த வாரமும் வந்தார், அதற்கடுத்த வாரமும் வந்தார். தொல்லை தாங்காமல் மாமா சம்மதித்தார். காப்பீட்டை எடுத்தார். டாக்டர் கொடுத்த மாத்திரையை மட்டும் எடுக்கவில்லை.

இன்று வீடு என்னிடம் இருப்பது அதனால்தான். மாமா போனபின் காப்பீட்டு அலுவலகத்துக்கு எனக்காக அலைந்தவரும் நத்தைதான். இப்போதும் இந்தப் பக்கம் வந்தால் எட்டிப் பார்ப்பார். மாடிக்கு மட்டும் ஏற மாட்டார்.

சாயங்காலம் அடுப்படியில் நிற்கும்போது கேட்கிறது தம்பி. யாரோ படியேறுகிற சத்தம். பாதியில் நிற்கும். மேலும் போகாது, கீழும் வராது. "விரிசலப் பாத்தது போதும், மேல போங்க" என்று இங்கிருந்தே குரல் கொடுப்பேன். பதில் வராது. இருந்த காலத்திலும் என் பேச்சுக்கு எங்கே பதில் வந்தது?

போன வாரம் என்னோடு பேசிக்கொண்டே நீ படியேறினாய். நடுவில் பேச்சு நின்றது. லைன் சரியில்லை என்றாய். லைன் நன்றாகத்தான் இருந்தது. பின்னால் உன் மகள் பாடியதுகூடத் தெளிவாகக் கேட்டது. உன் மூச்சும் கேட்டது. அந்த நிற்றல் எனக்குப் பழக்கம். தினமும் கேட்கிறேன்.

போனில் கடன் கொடுத்தவனுக்கு இது எப்படித் தெரியும்? சோபாவில் கிடப்பவனுக்கு மூச்சு வாங்குமா? கையெழுத்தைத் தள்ளிப்போடு. உன் ஊரிலும் ஒரு நத்தை இல்லாமலா போவார்? தேடிப்பிடி. வீட்டைக் காட்டு, அவருக்கு முன்னால் ஏறு, அவர் சொல்வதைக் கேள். மாமா பாதிதான் கேட்டார். நீ முழுதும் கேள்.

நீயும் உன் வீட்டுக்காரியும் பிள்ளையும் அந்த வீட்டில் தலை நரைத்து வாழ வேண்டும். மருந்து சாப்பிட்டு, ஒருநாள் பாதியில் நிற்காமல் மாடிக்கு ஏறிப் போய், அங்கிருந்து எனக்குப் போன் செய்.

இப்படிக்கு,
பாதியில் நிற்கும் படிச்சத்தம் ஒன்றே போதும் என்று சொல்லும்
உன் அக்கா