காலண்டரில் குறித்த தலைவலிகள்

டாக்குரியா,
புரட்டாசி 2, வியாழன்.

அன்புள்ள மிருதுளாவுக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நான், அப்பா, நிர்மல் மூவரும் சௌக்கியம். உன் சௌக்கியம்தான் எனக்குத் தெரிய வேண்டும். மாப்பிள்ளைக்கும் சம்பந்தி மாமிக்கும் எங்கள் நமஸ்காரத்தைச் சொல். ஆனால் இந்தக் கடிதத்தைப் பற்றி மாமியிடம் சொல்லாதே. போனில் இதையெல்லாம் பேச முடியாது, நீ எப்போது பேசினாலும் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய், பின்னால் மாமி கீரை ஆய்வது வரைக்கும் எனக்குக் கேட்கிறது. தமிழில் டைப் அடிக்கவும் எனக்கு வரவில்லை. அதனால் காகிதத்தில் எழுதி, நிர்மல் சொல்லிக்கொடுத்தபடி பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து, நாலரை மணிக்கு அனுப்புகிறேன். அப்போது உனக்கு லீட்ஸில் மதியம் பன்னிரண்டு, ஆபீசில் தனியாக இருப்பாய். டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டு நிதானமாகப் படி.

முதலில் வீட்டுச் சமாசாரம். அப்பா ரிட்டயர் ஆகி ஒன்றரை மாதம் ஆகிறது, இன்னும் காலை எட்டு மணிக்குப் போர்ட் ஆபீஸ் பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டே பால்கனியில் நிற்கிறார். பிறகு ஞாபகம் வந்து ஏரிக்கரைக்கு நடக்கப் போகிறார். எதிர்ச் சந்தில் பூஜை பந்தலுக்கு மூங்கில் கட்டி முடித்துத் துணி சுற்றுகிறார்கள், நம் ஹால் ஜன்னலைத் திறந்தால் துர்க்கையின் முதுகுப் பக்கம்தான் தெரியப்போகிறது. திங்கட்கிழமை நவராத்திரி ஆரம்பம், கொலுப் பெட்டி இறக்கியாகிவிட்டது. லேக் மார்க்கெட்டில் கொண்டைக்கடலை, காபிப் பொடி எல்லாம் வாங்கி வந்தேன். நிர்மல் வழக்கம்போல, படி கட்டித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு ஆபீஸ் மீட்டிங்கில் உட்கார்ந்துவிட்டான்.

கொலுப் படி வைப்பதற்காகத்தான் போன திங்கட்கிழமை நீ படுத்திருந்த அறையை ஒழித்தேன். மேஜை இழுப்பறையில் உன் பழைய ஹேர்பின், போர்டிங் பாஸ், அதற்கடியில் ஒரு மாத்திரை அட்டை. காலி அட்டைதான், ஆனால் கிழமைப் பேரெல்லாம் போட்டு அம்புக்குறி போட்டிருந்தது. உன் அம்மா ஒன்றும் தெரியாதவள் இல்லை, கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தவுடனே புரிந்துவிட்டது.  கோபம் வந்தது, மறைக்க மாட்டேன். மாசாமாசம் ஞாயிற்றுக்கிழமை நான் விசேஷம் ஏதாவது உண்டா என்று கேட்பதும், நீ இல்லைம்மா என்பதும், நான் எல்லாம் பெருமாள் விட்ட வழி என்று பெருமூச்சு விடுவதும் நினைவுக்கு வந்து, என்னை முட்டாளாக்கிவிட்டாளே என்று தோன்றியது. அது ஒரு அரை மணி நேரம்தான். அதற்குப் பிறகு ஜூலை ஆறாம் தேதி நினைவுக்கு வந்தது. அப்புறம் கோபப்பட எனக்கு யோக்கியதையே இல்லை என்று தெரிந்துபோனது.

அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு நீ வரும் முன்பே நான் உன்னிடம் தேதி கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா. நீ ரயில் டைம்டேபிள் மாதிரி, நாலாம் தேதி வெள்ளிக்கிழமை என்று சொன்னாய். என் வயதுக்கு எனக்கு ஒரு தடவைகூட அப்படிக் கிழமையோடு தெரிந்ததில்லை, அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. ஹோமத்தன்று பெண் ஒதுங்கி உட்கார்ந்தால் நாலு பேர் என்ன சொல்வார்கள், அபிஷேக ஜலம் யார் விடுவது என்பதுதான் என் மண்டை முழுக்க. மருந்துக் கடையில் டாக்டர் சீட்டுகூட இல்லாமல் தள்ளிப்போடும் மாத்திரை வாங்கி வந்து, மூன்று வேளை போட்டுக்கொள் என்று உன் கையில் வைத்தேன். நம் குடும்பத்தில் எல்லாரும் செய்வதுதான், கல்யாணம் என்றால் பட்டுப்புடவை எடுப்பது மாதிரி இதையும் வாங்கி வைப்போம், யாரும் டாக்டரைக் கேட்டதில்லை. நீ ஏற்கெனவே ஒரு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாய் என்று என்னிடம் சொல்ல முடியாமல், என்னுடையதையும் வாங்கி விழுங்கிவிட்டாய். உன்னுடையதையும் விடவில்லை. இரண்டும் சேர்ந்து ஒரு வாரம். ஹோமப் புகையில் நீ வெளிறிப்போய் நின்றதும், பிறகு அறைக்குள் போய்ச் சுருண்டுகொண்டதும் எனக்கு இப்போது கண்ணை மூடினால் தெரிகிறது. அன்றைக்கு நீ சொன்ன வார்த்தை அப்படியே நினைவிருக்கிறது. "அம்மா, லைட்டை அணைச்சுடேன், கண்ணோரத்துல பல்லு பல்லா ஏதோ மின்னறது, உன் முகத்துல பாதி தெரியலை." நான் என்ன செய்தேன். பசி மயக்கம் என்று காபி கொடுத்தேன். நெற்றியில் சுக்குப் பற்றுப் போட்டேன். ஊர்க் கண் பட்டுவிட்டது என்று உப்பு, மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டேன், அந்த நெடியில் நீ வாந்தி எடுத்தாய், பார், எவ்வளவு திருஷ்டி என்று அத்தையிடம் வேறு சொன்னேன். அதே அத்தை உன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, தலை சுற்றல், வாந்தி என்றால் நல்ல சமாசாரம்தானே என்று சிரித்தபோது நானும் கூடச் சிரித்தேன். அதை நினைத்தால்தான் மிருது, எனக்குத் தாங்கவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலமே அந்த அட்டையை எடுத்துக்கொண்டு மாடியில் ரஞ்சனா தீதி வீட்டுக்குப் போனேன். உனக்குத் தெரியுமே, முப்பது வருஷம் நர்ஸாக இருந்தவள், இப்போதும் வாரத்தில் இரண்டு நாள் பெண்கள் கிளினிக்கில் உட்காருகிறாள். என் உறவுக்காரப் பெண் ஒருத்தியின் மாத்திரை, அவளுக்கு அடிக்கடி தலைவலி என்று என் ஓட்டை வங்காளத்தில் ஆரம்பித்தேன். அவள் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, மிருதுளாவுக்குத் தலைவலி எவ்வளவு நாளாக இருக்கிறது என்று நேராகக் கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் டீ போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் பேசினாள். இந்த மாத்திரை ஆரம்பிக்கும்போது தலைவலி பல பேருக்கு வருமாம், இரண்டு மூன்று மாதத்தில் பழகிக் குறைந்துவிடுவதும் உண்டாம், அட்டைக் கடைசியில் மருந்தில்லாத வெறும் மாத்திரை வரும் வாரத்தில் மட்டும் வருகிறவர்களும் உண்டாம். அது வரைக்கும் அவள் சாதாரணமாகத்தான் சொல்லிக்கொண்டு வந்தாள். கண்ணில் மின்னுகிறது, பாதி தெரியவில்லை என்று நான் சொன்னதும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

போன ஞாயிறு நீ போனில் என்ன சொன்னாய். வியாழக்கிழமை ஆபீசில் கம்ப்யூட்டரில் எழுத்து பாதி காணாமல் போயிற்று, வலது கை விரல் மரத்துப்போய் இருபது நிமிஷம் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது, பிறகு தலைவலி வந்தது என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். அதற்குள் மாமி வந்துவிட, உடனே மோர்க்குழம்புக்கு அரிசி ஊற வைக்கணுமா என்று பேச்சை மாற்றினாய். அதையும் தீதியிடம் சொன்னேன். அப்படிக் கண்ணில் மின்னலோடு தலைவலி வருகிறவர்களுக்கு இந்த இரண்டு ஹார்மோன் கலந்த மாத்திரை கூடாதாம். மூளையில் ரத்தம் கட்டுகிற ஆபத்து கொஞ்சம் கூடுமாம். எல்லாருக்கும் வந்துவிடாது, பயந்து நடுங்க வேண்டாம், ஆனால் அந்த மருந்து எழுதிய டாக்டருக்கு இந்த மின்னல் விஷயம் இந்த வாரமே தெரிய வேண்டும் என்றாள். ஒரே ஒரு ஹார்மோன் உள்ள மாத்திரை இருக்கிறது, காப்பர்-டி இருக்கிறது, வேறு வழி எத்தனையோ இருக்கிறது, அவள் சின்னப் பெண், தலைவலியைத் தாங்கிக்கொண்டு இதைச் சாப்பிட வேண்டிய அவசியமே இல்லை என்று சொன்னாள். அப்புறம் அவள் சொன்ன இன்னொன்றைக் கேட்டு எனக்குச் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. ஜூலையில் உனக்குத் தள்ளிப்போக வேண்டும் என்றால் என் மாத்திரையே தேவையில்லையாம், டாக்டரைக் கேட்டுக்கொண்டு உன் அட்டையையே இடைவெளி விடாமல் தொடர்ந்திருந்தால் போதுமாம். நீ என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நீ வாய்விட்டுச் சொல்லக்கூடிய அம்மாவாக நான் இருந்திருந்தால் சொல்லியிருப்பாய், அதுவும் எனக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை நான் டாக்டரைப் பார் என்று மெசேஜ் போட்டதற்கு நீ ஒரு கட்டைவிரல் அனுப்பினாய். கட்டைவிரலுக்கு என்ன அர்த்தம் என்று உன்னைப் பெற்ற எனக்குத் தெரியும். அதனால்தான் என் கதையையும் எழுதுகிறேன், இதை அப்பாவுக்குக்கூட நான் முழுசாகச் சொன்னதில்லை. உனக்கு இரண்டு வயது. போர்ட் குவார்ட்டர்ஸில் இருந்தோம். ஹெல்த் சென்டரில் இதே மாதிரி மாத்திரை இலவசமாகக் கொடுத்தார்கள். நானும் சாப்பிட்டேன், எனக்கும் தலைவலி, நெற்றியில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு உனக்குச் சாதம் பிசைவேன். அந்த நர்ஸிடம் போய்ச் சொல்ல பாஷையும் வரவில்லை, வெட்கமும் விடவில்லை. ஒரு நாள் மிச்ச அட்டைகளை எல்லாம் பேப்பரில் சுற்றிக் குப்பைத்தொட்டியில் போட்டேன். தலைவலி போயிற்று. மூன்றாம் மாதம் நிர்மல். அந்த வருஷம்தான் எனக்கு பவானிபூரில் பி.எட். படிக்க இடம் கிடைத்திருந்தது, போகவில்லை. வருத்தமா என்று கேட்டால், நிர்மலைப் பார்க்கும்போது இல்லை, பி.எட்.டை நினைக்கும்போது உண்டு. இரண்டும் நிஜம்தான். இதை அவனிடம் சொல்லிவிடாதே, தவமிருந்து பெற்ற பிள்ளை என்று நினைத்துக்கொண்டிருக்கிறான், அப்படியே இருக்கட்டும்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நீயும் என் மாதிரி யாரிடமும் சொல்லாமல் தாங்கிக்கொண்டும் இருக்காதே, யாரிடமும் சொல்லாமல் தூக்கிப் போட்டுவிட்டும் இருக்காதே. இன்றைக்கே கிளினிக்குக்குப் போன் செய். அங்கே அப்பாயின்ட்மென்ட் கிடைக்க நாளாகும் என்பாய், தலைவலி என்று மட்டும் சொன்னால் நாளாகும், கண்ணில் மின்னுகிறது, விரல் மரத்துப்போகிறது, இந்த மாத்திரை சாப்பிடுகிறேன் என்று மூன்றையும் சேர்த்துச் சொல். இன்றைக்கு ராத்திரி மாத்திரை போடலாமா, கூடாதா, அதுவரை வேறு என்ன பாதுகாப்பு என்பதையும் அப்போதே கேள். பிரஷர் பார்க்கச் சொல். ஜூலையில் நான் கொடுத்த மாத்திரையையும் மறைக்காமல் சொல், உன் அம்மா செய்த வேலை என்றே சொல், எனக்கு ஒன்றும் கௌரவம் குறைந்துவிடாது. தினம் தலைவலி மாத்திரையாக விழுங்காதே, அதுவே தலைவலியைக் கொண்டுவருமாம். திடீரென்று மண்டையைப் பிளக்கிற மாதிரி வலித்தாலோ, பேச்சுக் குழறினாலோ, ஒரு பக்கம் கை கால் தளர்ந்தாலோ யாரைப் பற்றியும் யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடு. மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போ. ஹரீஷ் நல்ல பிள்ளை, அவருக்கும் சேர்த்துத்தானே இந்த மாத்திரை, தலைவலி மட்டும் உனக்கு என்று விடக் கூடாது. மாமி கேட்டால் பவர் டெஸ்ட் பண்ணப் போகிறோம் என்று சொல், கண் சம்பந்தப்பட்டதுதானே, பெரிய பொய் இல்லை.

இதோடு இன்னொரு போட்டோவும் அனுப்புகிறேன். சமையலறைக் காலண்டர்தான், ஏப்ரலிலிருந்து ஆறு தாள். உனக்கே தெரியும், பால் வராத நாள், கேஸ் வந்த நாள் எல்லாம் அதில் குறிப்பேன். நீ தலைவலி என்று சொன்ன நாளையெல்லாம் கூட உன் பெயரைப் போட்டுப் பென்சிலில் குறித்திருக்கிறேன். அமாவாசைக்கு அமாவாசை வருகிறதா என்று பார்த்து ஜோசியரிடம் காட்டத்தான் குறித்தேன், உண்மையைச் சொல்கிறேன், சிரிக்காதே. அமாவாசைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஏப்ரலில் இரண்டு, மே மாதம் மூன்று, ஜூனில் நாலு, ஜூலையில் அந்த ஒரு வாரத்திலேயே ஐந்து, ஆகஸ்டில் நாலு, இந்த மாதம் பாதிக்குள்ளேயே மூன்று. ரஞ்சனா தீதி அதைப் பார்த்துவிட்டு, எந்த டாக்டரும் முதலில் கேட்பது இதைத்தான், உன் பெண்ணுக்கு நீ எழுதிவைத்திருக்கிறாய் என்று என் முதுகில் தட்டினாள். அதனால் டாக்டரிடம் போகும்போது இதைக் காட்டு. பால், கேஸ் எல்லாம் தமிழில் இருக்கிறது, அவர்களுக்குப் புரியாது.

குழந்தை எப்போது, வேண்டுமா வேண்டாமா என்பது நீயும் மாப்பிள்ளையும் பேசிக்கொள்ள வேண்டிய விஷயம். நான் இனிமேல் விசேஷம் உண்டா என்று கேட்க மாட்டேன். அத்தை கேட்டால் அவளுக்குப் பதில் சொல்வது என் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை போனில் நான் கேட்கப்போவது ஒன்றே ஒன்றுதான், அதற்கு மட்டும் உண்மையைச் சொல். பக்கத்தில் மாமி இருந்தால், தலைவலி இல்லை என்றால் மோர்க்குழம்பு நன்றாக வந்தது என்று சொல், இருக்கிறது என்றால் புளித்துவிட்டது என்று சொல், எனக்குப் புரிந்துவிடும்.

வழக்கமாகக் கடைசியில் நான் எழுதும் புத்திர பாக்கிய ஆசீர்வாதத்தை இந்தத் தடவை எழுதவில்லை. அடுத்த மாதத் தாளில் பால் வராத நாள் எத்தனை வேண்டுமானாலும் இருந்துவிட்டுப் போகட்டும், உன் பெயரை எழுதுகிற நாள் ஒன்றுகூட இல்லாமல் இருக்கட்டும்.

டாக்டருக்குப் போன் செய்ததும் கட்டைவிரல் அனுப்பாதே, தேதியை அனுப்பு. பேனாவில் குறித்துக்கொள்கிறேன்.

உன் அம்மா,
வசுமதி