எல்லாம் பாஸ் என்று எழுதியவன்

7 ஜூன், திங்கள்

வெயில் கொளுத்துகிறது. காலை ஒன்றரை மணி நேரம் கரண்ட் இல்லை. செய்ய: வண்டிக்கு பிரேக் ஒயர், பரவை மார்க்கெட்டில் தக்காளி, மாமனாருக்குப் போன்.

சனிக்கிழமை நான் கொடுத்த டெஸ்ட் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு முதலாளி முருகானந்தம் சார் எல்லாருக்கும் பருத்திப்பால் வாங்கித் தந்தார். கரண்ட் மீட்டருக்கான என்கிரிப்ஷன் லைப்ரரி. ரீடிங்கை வழியில் யாரும் படிக்காதபடி பூட்டி அனுப்பும். மீட்டருக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டில் ஓட்டிச் சரிபார்த்தது நான். இருபத்தேழு டெஸ்ட், இருபத்தேழும் பாஸ். "மாப்ள கை வச்சா தப்பாதுய்யா" என்று என்னைக் காட்டிச் சொன்னார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

மதியம், புதிதாகச் சேர்ந்த ஸ்டெல்லா கம்ப்யூட்டரில் பூட்டைத் திறக்கும் புரோகிராமை ஓட்டினாள். அது அவள் வேலை. குப்பை குப்பையாக வந்தது. வெள்ளிக்கிழமை மீட்டர் செய்யும் கோயம்புத்தூர் கம்பெனிக்காரர்கள் பார்க்க வருகிறார்கள். போர்டு பாஸ், அப்படியானால் தப்பு ஸ்டெல்லா பக்கம். எல்லாரும் அப்படித்தான் நினைத்தோம். நானும்.

8 செவ்வாய்

மனசு கேட்காமல் என் டெஸ்ட் ஃபைலைத் திறந்தேன். திறந்திருக்கவே வேண்டாம்.

போன மாதம் போர்டு தந்த விடை, இந்தப் பூட்டு முறைக்கான புத்தகத்தில் அச்சாகியிருந்த சரியான விடையோடு ஒத்துப்போகவில்லை. நாலு நாலு பைட்டாக முன்பின் திரும்பி நின்றது. இந்தச் சிப்பின் பழக்கம் அப்படி என்று நானே முடிவு செய்து, டெஸ்ட்டில் இருந்த புத்தக விடையை அழித்துவிட்டு, போர்டு சொன்னதையே சரியான விடை என்று ஒட்டியிருக்கிறேன். ஒன்றல்ல, இருபத்தேழும். பையனுடைய பேப்பரையே விடைத்தாளாக வைத்து அவனுக்கு மார்க் போட்ட வாத்தியார் நான்.

புத்தகப்படி எழுதிய ஸ்டெல்லா செய்தது சரி. தப்பு போர்டில் ஓடும் லைப்ரரியில். சொல்ல ரெண்டு நிமிஷம் ஆகாது. மு.சார் அறை வாசல் வரை போனேன்.

"என்ன மாப்ள?"

"ஒண்ணுமில்ல சார், ஃபேன் சரியாச் சுத்தல."

சீ.

9 புதன்

பிரேக் ஒயர் போட்டாச்சு. தக்காளி மறந்தாச்சு.

மு.சார் எல்லார் முன்னாலும் ஸ்டெல்லாவிடம்: "உனக்குப் புரொபேஷன் இந்த மாசத்தோட முடியுது. இம்புட்டுக்கூட முடியலைன்னா எதப் பாத்தும்மா உன்னைய பெர்மனன்ட் பண்றது?" அவள் தலை நிமிரவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன்.

பிறகு என் மேசைக்கு வந்தாள். "அண்ணே, ஒருக்கா நீங்க பாத்துச் சொல்லுங்கண்ணே. எனக்குக் கண்ணக் கட்டுது." இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, தப்பே இல்லாத புரோகிராமில் தப்புத் தேடினேன். அது போதாதென்று, "இந்த லூப்ப மாத்தி எழுதிப் பாரும்மா" என்று வேறு சொன்னேன். சரியென்று எழுத உட்கார்ந்தாள். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. நான் என்னுடையதைச் சாப்பிட்டேன். எலுமிச்சை சாதம், அப்பளம்.

வெட்கமாக இருக்கிறது. எழுதினால் குறையும் என்று பார்த்தேன். குறையவில்லை.

10 வியாழன்

ஏழு மணிக்கே நாகமலை புதுக்கோட்டை. ஆபீசைத் திறந்ததே நான்தான். லைப்ரரியில் ரெண்டே வரி மாற்றம். போர்டில் ஏற்றினேன். யாரிடமும் மூச்சு விடவில்லை.

பத்தரைக்கு ஸ்டெல்லா ஓட்டினாள். ரீடிங் சுத்தமாக வந்தது. அப்பாடா, தப்பித்தேன்.

"என்னம்மா மாத்துன?" மு.சார்.

"தெரியல சார். நேத்து லூப்ப மாத்துனேன். ஆனா சாயங்காலம் ஓட்டுனப்பவும் வேலை செய்யல."

"எப்படிச் சரியாச்சுன்னே தெரியாதா? அப்ப இன்னும் ஆறு மாசம் புரொபேஷன்லயே இரு."

அவர் போனதும் என்னிடம் வந்தாள். "மூணு நாளா பாத்தும் பிடிபடலண்ணே. இந்த வேலைக்கு நான் லாயக்கில்ல போல."

என் திருட்டு வேலையால் அவள் தன் மூளையையே நம்பாமல் போய்விட்டாள். வீட்டில் மனைவி, "முகம் ஏன் இப்படி இருக்கு?" என்றாள். வெயில் என்றேன்.

11 வெள்ளி

தூறல். மண் நனையவில்லை. கோயம்புத்தூர்க்காரர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், திருப்தி, முறுக்கு சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். கார் கிளம்பியதும் மு.சார் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். எல்லாம் சொன்னேன்.

"தப்பு எவனும் பண்றதுதான். அந்தப் பிள்ளைய நான் வஞ்சப்ப பக்கத்துலதானய்யா நின்ன?"

நின்றேன் சார்.

அவளைக் கூப்பிட்டு, பெர்மனன்ட் என்றார். காரணத்தை என்னையே சொல்லச் சொன்னார். வெளியே மாடிப்படியில் நின்று சொன்னேன்.

"எப்பத் தெரியும்?"

"செவ்வாக்கிழமை."

கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம்.

அஞ்சரைக்குப் பையை மாட்டிக்கொண்டு என் மேசையைத் தாண்டினாள். தினமும் "வாரேண்ணே" என்று சொல்லிவிட்டுப் போகிறவள். இன்றும் சொன்னாள்.

"வாரேன் சார்."