லின்னின் கடவுச்சீட்டு

வெள்ளி, ஒக்டோபர் 10. இக்காஸ்ட், டென்மார்க்.

லண்டனில் தங்கை மகளின் கலியாணத்துக்குப் போக எங்களிடம் டெனிஷ் கடவுச்சீட்டு இருக்கிறது. மருமகள் லின்னிடம் இருப்பது சீனக் கடவுச்சீட்டு. இங்கே எத்தனை வருடம் வாழ்ந்தாலும் லண்டன் போக அவளுக்கு விசா வேண்டும். போன கிழமை கோப்பன்ஹேகன் விசா நிலையத்தில் சம்பளத் துண்டு, வதிவிட அட்டைப் பிரதி எல்லாவற்றோடும் கடவுச்சீட்டையும் கொடுத்துவிட்டு வந்தாள். நீயும் வரவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது நான்தான்.

இன்று நான் வேலை முடிந்து வந்தபோது குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். சீனாவில் தாய் விழுந்து ஆஸ்பத்திரியிலாம். விசா விண்ணப்பத்தை மீளப் பெற்றால் கடவுச்சீட்டு கிடைக்கும், ஊருக்குப் போகலாம். ஆனால் கலியாணத்துக்கு வர முடியாது.

"கலியாணம் முடிய ஊருக்குப் போறன், மாமி," என்றாள். மாமி மட்டும் தமிழில், மிச்சம் டெனிஷில்.

உடனே போகச் சொல்லியிருக்கலாம். களைப்பில், நாளைக்குக் கதைப்போம் என்று விறாந்தைக்கு வந்துவிட்டேன். அந்த நேரம் பார்த்துத் தங்கை லண்டனிலிருந்து போன் எடுத்தாள்.

"அக்கா, லின்னும் வாறாள்தானே?"

"ஓம்," என்றேன்.

குசினியில் வெங்காயம் வெட்டும் சத்தம் நின்றது. அந்த ஒரு சொல் அவளுக்கு நன்றாக விளங்கும்.