கழுத்தில் இருந்த வலி

பிளான்டையர்
9 ஜூன் 1996

அன்புள்ள வைசனுக்கு,

நலம். சோம்பாவில் குளிர் இறங்கியிருக்கும், கம்பளியை வெயிலில் போட்டு எடுங்கள். உசிப்பாக் கருவாடு அடுப்பு மேல்தட்டில் இருக்கிறது.

எத்தனையோ மாத்திரைக்கு அடங்காத என் தலைவலி இங்கே அக்கா வீட்டுக்கு வந்ததிலிருந்து கொஞ்சம் இறங்கியிருக்கிறது. லிண்டிவே அக்கா கூட்டிப்போன பிசியோதெரபி நிலையத்தில் தலையை யாரும் தொடவே இல்லை. கழுத்தையும் தோளையும் அழுத்திப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "வலி கெளம்புறது இங்கேருந்துதாம்மா. தசையெல்லாம் முறுக்கின கயிறா இருக்கு. தூக்கத்துல பல்லக் கடிப்பியா?"

எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரியுமா?

உங்கள்
தோக்கோ

சோம்பா
17 ஜூன் 1996

என் தோக்கோ,

கருவாடும் ந்சிமாக் களியும் தின்று சலித்துவிட்டது. சீக்கிரம் வா.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. 'அவர்' என்று எழுதியிருக்கிறாயே, யார் அந்த அவர்? தோளை அழுத்தும்போது லிண்டிவே உள்ளே இருக்கிறாளா? கதவைச் சாத்திக்கொள்வார்களா? இங்கே இத்தனை டாக்டர்கள் பார்த்தார்கள், ஒருவரும் உன்னைத் தொடவில்லையே.

பல்லைக் கடிப்பாய். நான் விழித்திருந்து கேட்டிருக்கிறேன், யார் பெயராவது வாயில் வருகிறதா என்று. வந்ததில்லை. அந்த மட்டில் சந்தோஷம்.

உன் வைசன்

பிளான்டையர்
24 ஜூன் 1996

அன்புள்ள வைசனுக்கு,

வலி எப்படி இருக்கிறது என்று ஒரு வரி கேட்டிருக்கலாம்.

அவர் ஆணா பெண்ணா என்று எழுதினால் அடுத்து வயதைக் கேட்பீர்கள். வயதை எழுதினால் நான் பொய் சொல்கிறேன் என்பீர்கள். சந்தையில் தக்காளி வாங்கிய கதையையே மூன்று தரம் சொல்ல வைப்பவர் நீங்கள். அதனால் எழுதவில்லை.

சிகிச்சை இன்னும் முடியவில்லை.

தோக்கோ

சோம்பா
3 ஜூலை 1996

என் கண்ணே தோக்கோ,

மறைப்பானேன், நேற்று வந்திருந்தேன். நிலையத்துக்கு எதிரே நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பெண்! அதுவும் பேரன் பேத்தி எடுத்த வயது. முதலிலேயே சொல்லியிருந்தால் எனக்குப் பேருந்துச் செலவாவது மிஞ்சியிருக்கும். உன் மேல் இப்போது ஒரு துளி சந்தேகமும் இல்லை. உள்ளே வர வெட்கமாக இருந்தது, திரும்பிவிட்டேன்.

14ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு போகிறேன். தயாராக இரு.

உன் வைசன்

பிளான்டையர்
6 ஜூலை 1996

வைசனுக்கு,

நானும் உங்களைப் பார்த்தேன். குப்புறப் படுத்திருந்தவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பியபோது எதிரே நின்றிருந்தீர்கள். அந்த அம்மாவின் கை என் கழுத்தில் அப்படியே நின்றது.

"என்னாச்சு? இப்பத்தான் வெண்ணெயா எளகியிருந்துச்சு, ஒரு நொடியில கல்லாயிடுச்சே. யாரப் பாத்த?"

"என் வீட்டுக்காரர்" என்றேன். அந்த அம்மா கையை எடுக்காமல் வைத்திருந்தார். எனக்கு அழுகை வந்தது.

நீங்கள் அடித்தவரில்லை. அதை யார் கேட்டாலும் சொல்வேன். ஆனால் ராத்திரியெல்லாம் விழித்து என் வாயைக் கவனித்திருக்கிறீர்கள். அது தெரியாமலே என் உடம்பு வாயை இறுக்கிப் பூட்டி வைத்திருக்கிறது போல.

இங்கே தலைவலி இல்லாமல் விடிகிறது. அக்கா வேலை பார்க்கும் பேக்கரியில் ஆள் கேட்கிறார்கள், என் முழுப் பெயரைப் பதிந்துவிட்டேன், திங்கட்கிழமை சேர்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை தாராளமாக வாருங்கள். கோழி அடித்துச் சமைக்கிறேன், உட்கார்ந்து சாப்பிடலாம். பேருந்து வரைக்கும் கூட வந்து உங்களை ஏற்றிவிட்டு நான் திரும்பிவிடுவேன்.

தோக்கோசிரே