திரும்பி ஏறிய கோடு

தென்காசி,
ஜூலை 6

அன்புள்ள வள்ளித்தாய்க்கு, உமாராணி எழுதுவது.

நீயும் உன் வீட்டுக்காரரும் நலம்தானே? மஸ்கட்டில் வெயில் எப்படி என்று விசாரிக்கக்கூட எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஏழு வருஷமாக ஒரு வார்த்தை பேசாதவள் திடீரென்று கடிதம் போட்டால் யாருக்கும் எரிச்சல்தான் வரும். கிழித்துப் போடாமல் கடைசிவரை படித்துவிடு.

லீவில் வந்திருக்கிறேன். இங்கே நல்ல சீசன். ஐந்தருவியில் கால் வைக்க இடமில்லை. நனைந்ததைவிட இடிபட்டதுதான் அதிகம். நேற்று சுந்தரபாண்டியபுரம் போய் உன் அம்மாவிடம் இந்த முகவரியை வாங்கினேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் என் கையால் எழுத வேண்டும். பெங்களூர் ஆய்வகத்தில், செல்லுக்குள் கால்சியம் ஏறும்போது மைட்டோகாண்ட்ரியாவின் உட்புறம் என்ன ஆகிறது என்று நீ பார்த்துக்கொண்டிருந்தாய். அமிலம் கூடினால் மங்குகிற ஒளிரும் புரதம் ஒன்றை அங்கே வைத்திருந்தாய். கால்சியம் ஏறியதும் ஒளி மங்கியது. உள்ளே அமிலம் கூடுகிறது என்றாய். மைக்ராஸ்கோப் விளக்கில் புரதம் வெளுத்துவிட்டது, கை பழகாதவள் வேலை அப்படித்தான் இருக்கும் என்று நான் பேராசிரியரிடம் சொன்னேன்.

வெளுத்த புரதம் மறுபடி ஒளிராது. ஒளியின் அளவைக் காட்டும் உன் வரைபடக் கோடு இறங்கி, சில நிமிஷத்தில் திரும்ப ஏறியது. அதை என் கண்ணால் பார்த்தேன், வள்ளி. பார்த்துவிட்டு, ஏறுகிற பகுதியை வெட்டிய படத்தைத்தான் அவரிடம் காட்டினேன்.

அதே இடத்தில் நான் கால்சியத்தை அளந்த புரதமும் அமிலம் பட்டால் மங்கக்கூடியது. நீ சொன்னது சரியென்றால் என் ஐந்து வருஷ அளவுகள் தப்பு. பட்டம் வாங்க மூன்று மாதம்தான் பாக்கி. பயந்துவிட்டேன். உன்னை ஆய்விலிருந்து நிறுத்தினார்கள். நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தபோது ஆட்டோ பிடித்துக் கொடுத்தவளும் நான்தான். நினைத்தால் சீ என்று வருகிறது.

போன மாதம், இப்போது என்னிடம் ஆய்வு செய்கிற மாணவி ஸ்ரீதேவி அதே கோட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். இறங்கி, திரும்ப ஏறியிருந்தது. தான் ஏதும் தப்புச் செய்துவிட்டோமோ என்று கேட்டாள்.

அந்த அளவுகளை வைத்து நான் எழுதிய பழைய கட்டுரையைத் திருத்தச் சொல்லி இதழுக்கு எழுதிவிட்டேன். படத்தை வெட்டியதையும் மறைக்கவில்லை. பேராசிரியர் போனில் கத்தித் தீர்த்துவிட்டார். வேலை போனால் போகட்டும். புதுக் கட்டுரையில் உன் பெயர் முதலில் வர வேண்டும். அதற்கு உன் சம்மதம் தேவை. அதனால் நீ இழந்தது திரும்பி வராது என்பதும் எனக்குத் தெரியும்.

நேற்று உன் அம்மா காப்பி கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். "நீ அவகூடயே இருந்தவ. இவ மிசினைக் கெடுத்துட்டா, அதான் அனுப்பிட்டாவன்னு ஊர்ல பேசுதாவ. எம் மவ அங்கன அப்படி என்னம்மா தப்பு செஞ்சா?" என்று கேட்டார். காப்பி நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

கடிதம் உன் கைக்குக் கிடைக்கட்டும் என்று லீவின் கடைசி நாள்வரை பொறுத்திருப்பேன். முப்பதாம் தேதி காலை மறுபடி போய், தப்புச் செய்தவள் நான் என்று சொல்லப்போகிறேன். நீ என்னை மன்னிக்க வேண்டாம். அன்று மதியம் மட்டும் அம்மாவுக்குப் போன் செய். அவர் அழும்போது தேற்றுகிற தகுதி எனக்கு இல்லை.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

உமாராணி